விதைக் கிட்டங்கியின் சாவி

என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. சோலையப்பன் தேங்காய் வாங்கினால் கடைக்காரன் தட்டிக் காட்டுவதை நம்பமாட்டான், தானும் தட்டுவான், பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து பெண்டாட்டியிடம் கொடுத்து அவளையும் தட்டச் சொல்வான் என்று. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது என் பெண்டாட்டி செவந்தியேதான் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

சந்தேகப்படாமல் எப்படி இருப்பது? அறுபதாம் வருஷம் நான் யாரையும் சந்தேகப்படவில்லை. கார்த்திகையில் பிடுங்கிய கடலையில் நல்ல காயாகப் பொறுக்கி, விதைக்கென்று ஊர் விதைச் சங்கத்துத் தகரக் கொட்டகையில் போட்டேன். ஊரில் நாற்பது குடும்பமும் போட்டது. அங்கே எட்டு மாதம் கிடந்த விதையை ஆடியில் எடுத்து விதைத்தால் பத்துக்கு ஒன்றுகூட முளைக்கவில்லை. தகரத்துக்குக் கீழே கத்திரி வெயிலில் வெந்தே போயிருந்தது. என் மூன்று ஏக்கரும் மொட்டைத் தலையாகக் கிடந்தது. அந்த வருஷம் நானும் செவந்தியும் தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்குப் போய், யாரோ ஒரு மிராசுதாரின் மாட்டுக் கொட்டகையில் ஆறு மாதம் குடியிருந்தோம். ஆலங்குடியில் பஸ் ஏறும்போது அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் திரும்பி வரமாட்டேங்க. அங்கிட்டே இருந்துக்கிடுவேன்." அவள் வெட்டிப் பேச்சுப் பேசுகிறவள் அல்ல.

அதற்கப்புறம்தான் சர்க்கார் உதவியோடு விதை மூட்டை அடுக்கப் புதுக் கிட்டங்கி கட்டினார்கள். கட்டியவர் ஓர் ஓவர்சியர். ஒல்லியான மனுஷர், சிரிக்கவே மாட்டார். சுவரைச் செம்புறாங்கல்லில் இரண்டரை அடி கனத்துக்கு எழுப்பச் சொன்னார். தரையை இடுப்பளவு தோண்டி, அதில் வண்டி வண்டியாகக் கருங்கல் சில்லைக் கொட்டி, மேலே பலகைக்கல் பாவி, காற்றுப் போக இடையிடையே ஓட்டை விடச் சொன்னார். ஊரே சிரித்தது. கடலை மூட்டைக்கு இவ்வளவு பெரிய கோட்டையா என்று நானும் சிரித்தேன். கல்லில் கமிஷன் அடிக்கிறார் என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். கட்டி முடித்த மாதமே அவரை வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது, வேலை நடந்த நாளெல்லாம் தம்மோடு கல் அடுக்கிய இன்னாசியைக் கூப்பிட்டு ஏதேதோ சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். சங்கமும் அவனையே கிட்டங்கிக் காவலுக்கு வைத்துக்கொண்டது.

இன்னாசி ஆவூர்ப் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் அவனுக்கு நிலமும் இல்லை, பங்காளியும் இல்லை. நிலமில்லாதவனுக்கு விதையின் அருமை என்ன தெரியும் என்று எனக்கு முதல் நாளே ஓர் உறுத்தல். இருந்தாலும் போட்டேன். அறுபத்திரண்டு கார்த்திகையில் பொறுக்கிய விதை முழுவதையும், வீட்டில் ஒரு காய்கூட வைக்காமல், அங்கேதான் போட்டேன்.

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியபோது ஒரு நாள் உச்சிப்பொழுதில் அந்த வழியாக வந்தேன். கிட்டங்கியில் ஜன்னல் எல்லாம் அடைத்துக் கிடந்தது. கதவும் சாத்தியிருந்தது. சரி, சாப்பிடப் போயிருப்பான் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் விடியக் கருக்கலில் ஏர் பூட்டப் போகிறேன், கீழ் ஜன்னல் மேல் ஜன்னல் அத்தனையும் ஆவென்று திறந்து கிடக்கிறது!

பகலில் அடைப்பு, இரவில் திறப்பு. எந்த ஊரில் ஐயா இந்த வழக்கம்? பண்டம் வைத்திருக்கிற எவனும் பகலில் திறந்து காற்றும் வெயிலும் காட்டுவான், பொழுது சாய்ந்ததும் அடைத்துத் தாழ்ப்பாள் போடுவான். எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். தலைகீழாகச் செய்கிறவனுக்குத் தலைகீழான காரணம் இருக்கத்தானே வேண்டும்?

அன்று மத்தியானமே போய்க் கதவைத் தட்டினேன். இன்னாசி பாதிக் கதவைத் திறந்து, என்னை உள்ளே இழுக்காத குறையாக விட்டு, உடனே சாத்தினான். உள்ளே கால் வைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெளியே மண் கொதிக்கிறது, உள்ளே கிணற்றுப் படியில் இறங்கியது போல இருக்கிறது. ஓரமாக ஒரு கோரைப்பாய் விரித்துக் கிடந்தது.

"படுத்துக் கெடந்தியோ?"

"ஆமாண்ணே. ராத்திரியில முழிச்சிருந்து காக்கணும்ல."

"அது சரி. எதுக்குப்பா ராத்திரியில தெறந்து போடுற?"

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி பேசத் தொடங்கினான்.

"கல்லு இருக்குல்லண்ணே, அது ராத்திரிக் குளுந்த காத்த வாங்கி வச்சுக்கிடும். இந்தக் கனத்த செவுரு, தரைக்குக் கீழ கெடக்குற சில்லு, எல்லாம் விடியிறதுக்குள்ள சில்லுன்னு ஆயிரும். விடிஞ்சதும் அடைச்சிட்டா வெளி வெக்க உள்ள வராது. கல்லு வாங்குன குளுமைய பகலு பூராக் கொஞ்சங்கொஞ்சமா விதைக்குக் குடுக்கும். ஓவர்சியர் அய்யா சொன்னது."

"கல்லு வாங்கி வச்சுக்கிடுமா?"

"ஆமாண்ணே."

"நல்ல கல்லுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இவ்வளவு கோர்வையாகப் பதில் சொல்கிறானே, இதை எத்தனை நாளாகத் தயார் செய்தானோ என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தக் குளிர்ச்சி என் தோலிலேயே இருந்தது. ஆனாலும் என் புத்தி அதை ஒத்துக்கொள்ளவில்லை.

திரும்பும்போது கிட்டங்கிக்குப் பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஜன்னலுக்குக் கீழே கடலைத் தொலி கிடந்தது. இரண்டு கை இருக்கும். துண்டை விரித்து அத்தனையையும் அள்ளிக்கொண்டேன்.

சங்கத் தலைவர் மீரா சாகிபு ராவுத்தர். ஊரில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர். செக்குக்காரரை விதைச் சங்கத்துக்குத் தலைவராகப் போட்டது பாலுக்குப் பூனை காவல் என்று முதலில் எனக்கு அவர்மேலும் ஒரு கண் இருந்தது. பழகிப் பார்த்ததில் நல்ல மனுஷர். அவருடைய செக்குக் கொட்டகையில்தான் அன்று சாயங்காலம் கூட்டம். என் துண்டை அவிழ்த்து எல்லார் நடுவிலும் தொலியைக் கொட்டினேன்.

பக்கத்துக் காட்டுக்காரன் நாகராசு துள்ளி எழுந்தான். "நான் அப்பவே நெனச்சேன். அசலூர்க்காரன் கையில விதைய ஒப்படைச்சா இப்படித்தான் ஆவும்!" அவன் அப்போது ஒன்றும் நினைத்திருக்கவில்லை. நான் சொன்ன பிறகுதான் நினைத்தான்.

இன்னாசியைக் கூப்பிட்டார்கள். வாரம் ஒரு தரம் நூறு பருப்பு உடைத்து, நனைத்த சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பதாகச் சொன்னான். அதுவும் ஓவர்சியர் சொல்லிக் கொடுத்ததாம். "போன வாரம் நூத்துக்குத் தொண்ணூத்தி மூணு மொளச்சுச்சுங்க" என்றான்.

கிட்டங்கிக்குப் போய் மூட்டைகளை எண்ணினோம். சரியாக இருந்தது. கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தோம். ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. கொட்டகைக்குத் திரும்பியதும் ராவுத்தர், "அப்பறம் என்னப்பா?" என்றார். "இன்னும் எடுக்கலைங்க, எடுக்கத்தான் வழி பண்றான்" என்றேன் நான். நெருப்பில்லாமல் புகையுமா என்று நாலு பேர் தலையாட்டினார்கள். நாற்பது குடும்பத்தின் வயிறு அந்த நாலு சுவருக்குள் இருந்தது. தகரக் கொட்டகையில் சூடு பட்ட எங்களுக்கு யாரையும் நம்பத் தெம்பில்லை.

கடைசியில் தீர்மானம் இதுதான். காலையில் கதவு ஜன்னல் அத்தனையும் திறக்க வேண்டும், போகிற வருகிற எல்லார் கண்ணுக்கும் உள்ளே தெரிய வேண்டும். பொழுது சாயும்போது ஜன்னல்களை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக் கதவைப் பூட்டிவிட வேண்டும். சாவி இன்னாசியிடம் இருக்கக் கூடாது. யாரிடம் கொடுப்பது என்று ராவுத்தர் கேட்டபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போதுதான் இன்னாசி ஒன்று சொன்னான். கையைக் கட்டிக்கொண்டு ராவுத்தர் முன்னால் போய் நின்றான்.

"என்னைய வேலைய விட்டு நிறுத்திருங்க. நான் ஊருக்குப் போயிர்றேன். சன்னல மட்டும் மாத்தாதீங்க. வேற யாரையாச்சும் வச்சு ராத்திரியில தெறக்கச் சொல்லுங்க, பகல்ல அடைக்கச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ராவுத்தர் தாடியைத் தடவினார். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அவர் மனசு மாறியிருக்கும். நான் விடவில்லை. "பாத்தீங்களா, வேல போனாலும் பரவாயில்ல, சன்னல் தெறந்திருக்கணுமாம். அப்ப அந்தச் சன்னல்ல என்னமோ இருக்கு!" என்றேன். கொட்டகை முழுவதும் சிரித்தது. சாவி என் அரைஞாண் கயிற்றுக்கு வந்தது.

சம்பளத்தைக் குறைத்து இன்னாசியைக் கூட்டிப் பெருக்க வைத்துக்கொண்டார்கள். அவனும் போகவில்லை. குற்றமில்லாதவன் என்றால் ரோஷப்பட்டுக் கிளம்பியிருக்கமாட்டானா என்று அதையும் நான் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

சித்திரையில் ஒரு நாள் காலை நான் கதவைத் திறக்கும்போது அவன் ஈரச் சாக்கோடு நின்றான்.

"எம்பத்தொண்ணுண்ணே."

"என்ன எம்பத்தொண்ணு?"

"மொளப்பு."

"ஒன் சாக்குல மொளச்சத நான் எப்படி நம்புறது? தண்ணிய ஒழுங்கா ஊத்தியிருக்கமாட்டே."

அவன் ஜன்னல்களைத் திறக்கப் போனான். கத்திரி தொடங்கியது. தார் ரோடு இளகி மாட்டுக் குளம்பில் ஒட்டியது. கிட்டங்கியின் கீழ் ஜன்னல் வழியாக அனல் காற்று உள்ளே போய் மூட்டைகள்மேல் புரண்டது. வழியில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போனார்கள். வைகாசியில் இன்னாசி அறுபத்தி நாலு என்றான். பிறகு ஐம்பது என்றான். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டான். அவன் பெண்டாட்டி சந்தனமேரி கஞ்சி கொண்டு வரும்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திருட வழியடைத்த கோபம் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

வைகாசிக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலம் கதவைத் திறந்தேன். வெளியே லேசாகச் சாரல் விழுந்து மண் குளிர்ந்திருந்தது. உள்ளே கால் வைத்தேன், பாதம் சுட்டது. சுவரில் கையை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. சூரியன் இன்னும் கிளம்பவே இல்லை. அப்புறம் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? மூட்டைப் பக்கம் குனிந்தேன். பழைய எண்ணெய்க் காறல் வாடை அடித்தது.

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கல்லுக்கு நல்லது கெட்டது தெரியாது. கொடுத்ததை வைத்துக்கொள்ளும், பிறகு திருப்பிக் கொடுக்கும். இரவுக் குளிரைக் கொடுத்தபோது பகலெல்லாம் குளிரைக் கொடுத்தது. நான் இரண்டு மாதமாகப் பகல் அனலை ஊட்டி, இரவில் அதைப் பூட்டி வைத்திருக்கிறேன். தகரக் கொட்டகையாவது ராத்திரியில் ஆறிவிடும். இந்தக் கோட்டையை நான் ஆற விடவே இல்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயமாக இருந்தது. என் மூட்டையிலிருந்து மட்டும் நூறு பருப்பு எடுத்து வந்து, ஈரச் சாக்கில் சுருட்டி, தொழுவத்தில் வைக்கோலுக்குள் மறைத்து வைத்தேன். நாலாம் நாள் பிரித்து எண்ணினேன். நம்பாமல் திரும்ப எண்ணினேன். பின்னால் செவந்தி வந்து நின்றது தெரியாது.

"எத்தன?" என்றாள்.

"முப்பத்தொண்ணு."

அவள் ஒரு முளையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "அந்தாளு தலபாடா அடிச்சுக்கிட்டாரே, சன்னல மாத்தாதீங்கன்னு" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். அன்றைக்கே கிட்டங்கி ஜன்னலைப் பழையபடி இரவில் திறந்து பகலில் அடைத்தேன். யாரும் கேட்டால் கத்திரி முடிந்துவிட்டது, இனி எதற்கு என்று மழுப்பினேன். வெந்த விதைக்கு அது என்ன செய்யும்?

ஆனியில் ஊர் கூடி விதையை எடுக்கத் தொடங்கியது. நாலு பேர் முளைகட்டிப் பார்த்தார்கள். முப்பது, இருபத்தி எட்டு, முப்பத்தி மூன்று. மறுபடியும் செக்குக் கொட்டகை, மறுபடியும் கூட்டம். இந்தத் தடவை பெண்களும் வந்துவிட்டார்கள். நாகராசு இன்னாசியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நல்ல விதைய வித்துட்டு கடைக் கடலைய மாத்தி வச்சிட்டான்! இவனப் போலீசுல ஒப்படைக்கணும். இல்லேன்னா நாமளே விசாரிச்சிரணும்!"

சந்தனமேரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அவள் யாரையும் கெஞ்சவில்லை, என்னை மட்டும் பார்த்தாள். செவந்தியும் என்னைத்தான் பார்த்தாள். நான் எழுந்தேன்.

"அவன விடு நாகராசு. விதைய யாரும் மாத்தல. நான்தான் கெடுத்தேன். பகல்ல தெறந்து ராத்திரியில பூட்டுனதுல கல்லு பூரா சூட்டக் குடிச்சிருச்சு. அந்தச் சூட்டுல வெந்துபோச்சு. இன்னாசி மொதல்லயே சொன்னான். நான்தான் கேக்கல."

எனக்கு நெஞ்சு லேசாயிற்று. உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி ஏசினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. ஆனால் யாரும் ஏசவில்லை. நாகராசு இன்னாசியின் சட்டையை விட்டுவிட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"சாவி ஒங்கிட்டதான இருந்துச்சு?"

"ஆமா."

"ராத்திரி பூரா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"கல்லு சூட்டக் குடிச்சிருச்சாம்!" அவன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "அன்னைக்கு இவன் சொன்ன அதே பேச்சு. அப்ப நம்பாத மனுசன் இன்னைக்கு அத அப்படியே ஒப்பிக்கிறாரு. இன்னைக்குத் தேதிக்கு இவனுக்கு இவரு வக்கீலு. சொல்லுங்கப்பா, என்ன அர்த்தம்?"

நாற்பது குடும்பத்தின் கண்ணும் என்மேல் திரும்பியது. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வாழ்நாளெல்லாம் பார்த்த பார்வை அது. வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று மட்டும் அன்றுதான் தெரிந்தது. "அதான் போன மாசம் சன்னல யாருக்கும் சொல்லாம மாத்துனாரு" என்றது ஒரு குரல். "வைக்கோலுக்குள்ள என்னத்தையோ ஒளிச்சு வச்சாரு, எம் மகன் பாத்தான்" என்றாள் ஒருத்தி. ஒவ்வொன்றும் உண்மை. என் வீட்டைச் சோதனை போட வேண்டும் என்றார்கள். நெல் குதிர், பானை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்க்கட்டும் என்றேன். "இவ்வளவு தைரியமாச் சொல்றாருன்னா வேற எங்கயோ வச்சிருக்காரு" என்றான் நாகராசு.

அப்போது இன்னாசி முன்னால் வந்தான். கிழிந்த சட்டையைக் கையால் சேர்த்துப் பிடித்திருந்தான்.

"அண்ணன் மேல தப்பு இல்லைங்க. அவரு ஒரு காயக்கூட எடுக்கல. நான் தெனம் கூட இருந்து பாத்தவன்." பிறகு ராவுத்தரைப் பார்த்துச் சொன்னான். "முப்பது மொளைக்குதுல்லங்க, அத விட வேணாம். ஒரு குழிக்கு மூணு பருப்புப் போடச் சொல்லுங்க. மூணு ஏக்கரு வச்சிருக்கவுக ஒரு ஏக்கரு வெதைக்கட்டும். அடுத்த வருசத்துக்கு விதையாவது மிஞ்சும்."

ராவுத்தர் அதையே தீர்மானமாகச் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். என் வீட்டுக்கு யாரும் சோதனைக்கு வரவில்லை. வந்திருந்தால் அந்தச் சந்தேகம் ஒரு நாளோடு போயிருக்கும். செவந்தி தஞ்சாவூருக்கு மூட்டை கட்டவில்லை. "ஒரு ஏக்கருக்கு ஆளு வேணும்ல" என்று மட்டும் சொன்னாள்.

எல்லாரும் போன பிறகு கொட்டகையில் நானும் இன்னாசியும்தான் மிச்சம். நான் அவன் கையைப் பிடித்து நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என்னால் பேர் கெட்டவன், என்னால் சட்டை கிழிந்தவன், ஊரே என்னைத் தின்னப் பார்த்தபோது எனக்காகப் பேசிய ஒரே ஆள். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் என் மனசில் முதலில் வந்தது நன்றி அல்ல. இவன் எதற்காக எனக்குப் பரிந்து பேசுகிறான், இதில் இவனுக்கு என்ன ஆதாயம் என்றுதான் வந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். அதைப் படித்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

"வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு, அந்திக் கருக்கலில் கிட்டங்கி ஜன்னலைத் திறக்கப் போனான்.